கடல் கடந்த கரிய அன்னையர்

மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் தம்முடன் எதை எடுத்துச் செல்வார்கள்? வயலையும் வீட்டையும் மூட்டையாகக் கட்ட முடியாது. பாட்டும் தெய்வமுமே பாரமில்லாத உடைமைகள். இந்த இரண்டையும் காத்த இரு சமூகங்களை இன்று ஒப்பு நோக்குவோம். ஒன்று அத்திலாந்திக் கடலைக் கடந்தது. மற்றது பாக்கு நீரிணையைக் கடந்து நமது மலைகளில் ஏறியது.

மேற்கு ஆபிரிக்காவின் யொரூபா மக்களுக்கு யெமோயா என்றொரு தாய்த் தெய்வம் உண்டு. தாயகத்தில் அவள் ஆற்றுத் தெய்வம். அடிமைகளாகப் பிறேசிலுக்கும் கியூபாவுக்கும் கொண்டு செல்லப்பட்டோரிடையே அவள் கடல் அன்னையானாள். சொந்தத் தெய்வங்களை வெளிப்படையாக வணங்க முடியாத நிலையில், மரியன்னையின் திருவுருவுக்குள் அவளை மறைத்து வணங்கினர். பிறேசிலில் அடிமை முறை 1888 இல் ஒழிக்கப்பட்டது. இன்றும் பெப்ரவரி 2 ஆம் நாளில், சல்வடோர் நகரக் கடற்கரையில் மக்கள் திரண்டு அவளுக்கு மலர்க் காணிக்கை செலுத்துகின்றனர். அவ்வழிபாட்டில் பெண் பூசகர்களுக்குப் பெருமதிப்பு உண்டு. அவர்களுள் ஒருவரான மெனினின்யா அம்மையார் (1894–1986) நாடறிந்தவராக வாழ்ந்தார்.

இந்த மரபிலிருந்தே கறுப்பினப் பெண் கலைஞர்கள் தம் படைப்புகளுக்கு உரம் பெற்றனர். அமெரிக்கக் கவிஞர் ஓட்ரி லோர்ட் 1978 இல் வெளியிட்ட 'த பிளாக் யூனிகோர்ன்' தொகுதியில் ஆபிரிக்கப் பெண் தெய்வங்களை அழைத்துப் பேசுகிறார். ஓவியர் ஹார்மோனியா ரோசாலெஸ் 2017 இல், மைக்கலாஞ்சலோவின் புகழ்பெற்ற 'ஆதாமின் படைப்பு' ஓவியத்தை மாற்றி வரைந்தார். அதில் கடவுளும் கறுப்புப் பெண். படைக்கப்படுபவளும் கறுப்புப் பெண். இது வெறும் புதுமை நாட்டம் அன்று. 'உன் நிறம் இழிவானது' என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு, 'உன் சாயலில் தெய்வம் இருக்கிறது' என்று கலை சொல்லும் மறுமொழி அது.

இனி நமது மலைக்கு வருவோம். 1820 களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியத் தமிழர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளையை அடைந்தவர் பலர். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் எத்தனையோ உயிர்களைக் கொண்டன. தப்பி வந்தவர்கள் வணங்கிய தெய்வம் மாரியம்மன்.

மாரி என்பது மழை. வறண்ட ஊர்களில் அவளிடம் மழை கேட்டவர்கள், மழை ஓயாத மலையில் நோயிலிருந்தும் பிள்ளைப்பேற்றின் ஆபத்திலிருந்தும் காக்குமாறு வேண்டினர். யெமோயா ஆற்றிலிருந்து கடலுக்குச் சென்றது போல, மாரியும் குடியேறியவர்களின் தேவைக்கேற்பத் தன் தொழிலை விரித்துக்கொண்டாள். ஆலையின் சக்கரத்துக்கு ரோதமுனியும், கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமியும் தோன்றினர். ஆனால் லயத்து உயிர்கள் அனைத்துக்கும் தாய் அவளே.

கறுப்பினத்தவரும் நம்மவரும் ஒரு வேரினர் அல்லர். அடிமை வாணிபமும் கங்காணி முறையும் ஒன்றல்ல. எனினும் இரு வரலாறுகளும் சந்தித்த இடங்கள் உண்டு. கயானாவில் தமிழர் கொண்டு சென்ற காளி வழிபாட்டில் ஆபிரிக்க வழிவந்தோரும் கலந்துகொள்கின்றனர். திரினிடாட்டின் சிப்பாரியாவிலுள்ள கத்தோலிக்கத் தேவாலயத்தில் கருநிற மரியன்னை சிலை ஒன்று இருக்கிறது. புனித வாரத்தில் இந்துக்களும் திரண்டு சென்று அவளைச் 'சிப்பாரி மாயி' என்று வணங்குகின்றனர். கரிய தாயை அடையாளம் காண அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

நமது கலைச் செல்வத்தைப் பாருங்கள். வேப்பிலைக் கரகம், தப்பு முழக்கம், தீமிதி, அருள் வந்தாடும் பெண். சிலப்பதிகார வேட்டுவ வரியில் எயினர் தம் குலப் பெண் ஒருத்தியைக் கொற்றவையாகக் கோலஞ்செய்து வணங்குவதை நாம் வகுப்பறையில் வியந்து கற்பிக்கிறோம். அதே காட்சி தோட்டத் திருவிழாவில் நிகழும்போது 'படிப்பறிவில்லாத ஆட்டம்' என்று முகம் சுளிக்கிறோம். ஆண்டு முழுவதும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட நிற்பவள், கொழுந்து நிறுக்கும்போது வாய் பேசாதவள், அந்த ஒரு நாளில் வாய் திறந்து வாக்குச் சொல்கிறாள். கங்காணியும் கைகூப்பிக் கேட்கிறார். அந்தப் பெண்ணின் குரலுக்கு வேறு எங்கே அந்த மதிப்புக் கிடைத்தது?

இன்று பல தோட்டங்களில் மரத்தடிக் கல்லும் சூலமும் போய், கோபுரமும் விமானமும் எழுந்துள்ளன. இதை நான் குறை கூறவில்லை. 1983 வன்செயலில் சேதமுற்ற மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மீண்டும் எழுந்து நிற்பது, நாடற்றவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் தன்மானச் சின்னமும் ஆகும். ஆனால் கோபுரம் உயரும்போது தப்புக்காரன் வெளிவாசலில் நிறுத்தப்படுவதும், அருள்வாக்குச் சொன்ன கிழவி ஒதுங்கச் சொல்லப்படுவதும், கரிய அம்மன் நாட்காட்டிப் படத்தின் சிவந்த முகத்தைப் பெறுவதும் வளர்ச்சியா? காளி என்ற பெயரிலேயே கருமை இருக்கிறது. அவளைக் கும்பிட்டு வந்த கையோடு, வெயிலில் கறுத்த மகளுக்கு நிறம் போதாது என்று வரன் வீட்டார் சொல்வதைத் தலைகுனிந்து கேட்கிறோம். ரோசாலெஸின் ஓவியம் வெள்ளையரின் இகழ்ச்சிக்கு மறுமொழி. நமக்கு வேண்டிய மறுமொழி நம் வீட்டுக்குள்ளேயே தொடங்கவேண்டும்.

மலையக எழுத்து சம்பளத்தையும் குடியுரிமையையும் வலுவோடு பாடியுள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வழிகாட்டினார். அந்த வழியில் அடுத்த அடி, அம்மனாக நின்று பேசிய பெண்களின் வாக்கையும் வருணிப்பையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்வது. அட்டனிலும் நுவரெலியாவிலும் பயிலும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதினாலே போதும். பாட்டிமார் உள்ளபோதே அது நடக்கவேண்டும்.