இழுப்பதா, விடுவதா?

பரீட்சை ஹால் வாசலில் கை நடுங்க நிற்கும் பிள்ளையிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லா மூச்சை இழு." இழுத்தால் பிராணவாயு மூளைக்கு ஏறும், மனம் அடங்கும் என்பது நம் கணக்கு. டீ ஆறுவதற்குள் அந்தக் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம்.

இடது கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை மெல்ல அழுத்துங்கள். நாடி தட்டுப்படும். இப்போது நிதானமாக இழுங்கள், மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு நெருங்கி வருகிறதா? விடும்போது இடைவெளி விழுகிறதா? வயது ஏற ஏற இது மங்கும். தெரியவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை, பேரன் கையைப் பிடித்துப் பாருங்கள்.

இது வேகஸ் என்ற நரம்பின் வேலை. மூளைத் தண்டில் புறப்பட்டு, கழுத்து வழியாக இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. மலைப்பாதையில் இறங்கும் பஸ்ஸில் டிரைவரின் கால் பிரேக்கை விட்டு எழும்பாது, பார்த்திருப்பீர்கள். தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கக்கூடிய இதயத்தை, 70 அளவில் பிடித்து வைத்திருப்பது இந்த நரம்புதான். மூச்சை இழுக்கும்போது கால் சற்றுத் தளரும், விடும்போது அழுந்தும். இதயத்திடம் நேராகப் போய் "மெதுவா அடி" என்றால் கேட்காது. மூச்சு கேட்கும். மனம் உடம்புக்குள் நுழைய அதுதான் பக்க வாசல்.

சரி, பிராணவாயு என்ன ஆயிற்று? கொரோனா நாட்களில் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு 95 சதவீதத்துக்கு மேல்தான் காட்டியது. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? பதற்றத்தில் வேகவேகமாக இழுத்துவிடும்போது மாறுவது கரியமில வாயு. அதை வெறும் கழிவு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் ரத்தத்தில் அது ரொம்பக் குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல் நுனி மரக்கும், பிள்ளை இன்னும் மிரளும். மூளைக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு, வழியை நாமே குறுக்கிவிடுகிறோம்!

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் கால அளவு சொல்கிறார்: இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. நடுவில் உள்ள 64-ஐ ஆசான் இல்லாமல் தொட வேண்டாம். மற்ற இரண்டையும் பாருங்கள்; விடுவது இழுப்பதைப் போல இரட்டிப்பு. அவருக்கு வேகஸ் தெரியும் என்று வாதாட நான் வரவில்லை. நாள்கணக்கில் உட்கார்ந்து தன்னையே கவனித்தவர்கள் கண்ட அளவு என்று எடுத்துக்கொண்டால் போதும், அதுவே பெரிய காரியம்.

டீ ஆறிவிட்டதா? இவ்வளவு நேரமும் டம்ளர் விளிம்பில் உதட்டைக் குவித்து நீளமாக ஊதிக்கொண்டிருந்தீர்கள். பரீட்சை ஹால் வாசலில் அந்தப் பிள்ளையிடம் அதையே சொல்லுங்கள்: "சூடான டீயை ஊதற மாதிரி, மெல்ல விடு."