போருக்குப் போய்த் திரும்பாதவரைத் தேடித் தரும் இணையதளம்

இரண்டு உலகப் போர்களிலும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய பேச்சு எங்கள் செஞ்சிப் பக்கத்தில் இன்னும் உண்டு. அவர்கள் எங்கே, எந்தத் தேதியில் இறந்தார்கள் என்பதை வீட்டிலிருந்தபடியே தேடிப் பார்க்கலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கப்பட்டது. சுமார் 17 லட்சம் பேரின் விவரங்கள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பிரவுசரைத் திறந்து சி.டபிள்யூ.ஜி.சி. டாட் ஓ.ஆர்.ஜி. என்ற முகவரிக்குச் செல்லுங்கள். அங்கே போரில் இறந்தோரைத் தேடும் பக்கம் இருக்கும். எந்தப் போர் என்பதையும், எந்த நாட்டுப் படை என்ற இடத்தில் இந்தியாவையும் தேர்ந்தெடுங்கள். நம்மவர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது அல்லவா? அதனால் முழுப் பெயரையும் 'சர்நேம்' கட்டத்திலேயே டைப் செய்யுங்கள். அடுத்த கட்டம் காலியாக இருக்கட்டும்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஸ்பெல்லிங்கில்தான். பர்மா சண்டையில் இறந்த தன் தந்தையைத் தேடித் தரும்படி எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார். இறந்த தேதி தெரியாததால் மகாளய அமாவாசையில் மட்டும் தர்ப்பணம் கொடுத்து வந்தாராம். 'சாமி' என்பதை இன்று எஸ்-ஏ-எம்-ஒய் என்று எழுதுகிறோம். எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ என்று மாற்றிக் கொடுத்த பிறகுதான் பெயர் வந்தது. ஒரே பெயரில் பலர் வந்தால் 'கூடுதல் தகவல்' பகுதியைப் பாருங்கள். பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் அதில் இருக்கும். ஊரை வைத்தும் தேடலாம். ஆனால் விழுப்புரம் என்று கொடுத்துப் பயனில்லை. 1993 வரை செஞ்சி இருந்தது தென் ஆற்காடு மாவட்டத்தில். எனவே 'சவுத் ஆற்காடு' என்று கொடுங்கள். செஞ்சிக்கும் ஜி-ஐ-என்-ஜி-இ-இ என்ற பழைய ஸ்பெல்லிங்தான்.

விவரம் கிடைத்தவுடன் கல்லறைப் படத்தை எதிர்பார்க்காதீர்கள். இந்து வீரர்கள் பலர் தகனம் செய்யப்பட்டார்கள். அவர்களின் பெயர் நினைவுச் சின்னத்தில் இருக்கும். யாங்கூன் அருகே தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள் உள்ளன. எந்தப் பலகையில் பெயர் இருக்கிறது என்பதையும் தளம் காட்டும். மலாயா போர்முனை என்றால் சிங்கப்பூர் கிராஞ்சியையும், முதல் உலகப் போரில் பிரான்ஸ் என்றால் நவ் ஷப்பேலையும் பாருங்கள்.

இந்தப் பட்டியலுக்கு வரம்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களே இதில் இருப்பார்கள். சயாம் ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை இதில் தேட முடியாது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

கிடைத்த பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். படை எண்ணைத் தனியாகக் குறித்துக் கொள்ளுங்கள், பெயரைப் போல அதற்குப் பல ஸ்பெல்லிங் கிடையாது. ஆங்கிலத் தேதியைப் பழைய ஆண்டுகளுக்கும் பஞ்சாங்கம் காட்டும் தளம் ஒன்றில் கொடுத்தால், அன்றைய திதியும் தெரிந்துவிடும்.