சுரங்கத் தண்ணீர்: சித்திரையில் வரவு, ஐப்பசியில் பாரம்

குறிஞ்சிப்பாடிப் பக்கம் உங்களுக்கு நிலம் இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்கும்: மழையே இல்லாத சித்திரையிலும் வாலாஜா ஏரிக்குத் தண்ணீர் வருகிறதே, எங்கிருந்து?

நெய்வேலிச் சுரங்கத்திலிருந்துதான். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர்த்தாங்கி (தண்ணீர் ஊறி நிற்கும் மணல் அடுக்கு) இருக்கிறது. அந்தத் தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள மண்ணை அள்ளியதும் பாரம் குறைந்து, சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு பீறிடப் பார்க்கும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள். நிலக்கரி வெட்டும் வரை இதை நிறுத்த முடியாது.

அப்படியானால் நமக்கு லாபம்தானே? ஏரிப் பாசனக்காரருக்கு லாபம். மேட்டில் போர் போட்டு நம்பியிருப்பவருக்கோ நீர்மட்டம் இறங்குகிறது. ஒருவர் வாய்க்காலுக்கு வருவது இன்னொருவர் கிணற்றிலிருந்து போனதாகவும் இருக்கலாம்.

மழைக்காலத்தில் என்ன ஆகிறது? இங்கேதான் சிக்கல். இந்தப் பகுதியின் வடிகால் பரவனாறு. அது சின்ன ஆறு. பெருமாள் ஏரி வழியாகப் போய்க் கடலூர் அருகே கடலைச் சேர்கிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காட்டிலும் மேட்டிலும் பெய்தது, சுரங்கக் குழியில் நிறைந்தது, அடியிலிருந்து இறைப்பது எல்லாவற்றுக்கும் போக்கிடம் இந்தப் பக்கத்துத் தாழ்வான ஓடைகளும் ஆறும்தான். போதாததற்கு, குவித்து வைத்த மண்மேடுகள் கரைந்து வந்து ஆற்றையும் ஏரியையும் தூர்க்கின்றன.

மழை நாளில் மட்டும் இறைக்காமல் இருந்தால்? அடிநீரை நிறுத்த முடியாது. குழியில் விழுந்த மழைநீரைச் சில நாள் தேக்கலாம். அதனால் நிலக்கரி வெட்டுவது தடைபடும். கழனிகள் முழுகுவதைவிட அந்த நட்டம் சிறியது என்பது என் கணக்கு.

ஏரிகள் வெள்ளத்தைத் தாங்காதா? இடம் இருந்தால் தாங்கும். புரட்டாசிக் கடைசியில் ஏரி பாதியாவது காலியாக இருக்க வேண்டும். ஆனால் சம்பாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்று நாமே அதை நிரப்பி வைக்கச் சொல்கிறோம்! தூர்வாரி ஆழப்படுத்தினால்தான் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். ஆற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதும் ஒரு வழிதான். ஆனால் 2023 ஜூலையில் அந்தக் கால்வாய்க்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெல்லுக்குள் சுரங்க நிறுவனம் இயந்திரத்தை இறக்கியதுபோல் செய்தால், நல்ல திட்டமும் ஊருக்குப் பகையாகிவிடும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஆவணியிலேயே உங்கள் வடிகால் வாய்க்காலை முனைவரை நடந்து பாருங்கள். வரப்போரம் அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையும், யாரோ வண்டி போகப் போட்ட குழாய்ப் பாலமும் போதும், தண்ணீர் வடிய ஒரு வாரம் கூடுதலாகும். பள்ளக்கால் நிலமென்றால் சி.ஆர். 1009 சப் 1 நெல்லைக் கேட்டு வாங்குங்கள். பயிர் முழுகினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். சாதாரண ரகம் அதற்குள் அழுகிவிடும்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் நடுவில் கெடு முடிகிறது. பெருமழையும் அப்போதுதான். விஏஓவிடம் அடங்கலை முன்னதாகவே வாங்கி, பணத்தைக் கட்டி, ரசீதில் சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.