குவாங்சோ எத்தனை மணித்தியாலத் தூரம்?

புறக்கோட்டையில் துணி, பாதணி, மின்சாரப் பொருள் வியாபாரம் செய்வோரில் பலருக்குச் சீனாவின் குவாங்சோ பழகிப்போன ஊர். ஆனாலும் அங்கு போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஐந்தரை மணித்தியாலம் என்பார், மற்றவர் பதினைந்து என்பார். இரண்டுமே உண்மைதான்.

கட்டுநாயக்கவிலிருந்து குவாங்சோ விமான நிலையம் வான்வழியே சுமார் 4,000 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறப்பதால் நாலரை மணித்தியாலம் போதும் என்று தோன்றும். ஓடுபாதைக்குச் செல்லவும் மேலெழவும் இறங்கவும் எடுக்கும் நேரத்தைச் சேர்த்தால்தான் ஐந்தரை வரும். இது நேரடி விமானத்துக்கான கணக்கு.

இடையில் விமானம் மாறிச் செல்பவர் வரைபடத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. பாங்கொக் ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது. அதனூடாகச் சென்றால் தூரம் 100 கி.மீ. அளவே கூடும். சிங்கப்பூர் வழியென்றால் மொத்தம் சுமார் 5,400 கி.மீ. ஆகிவிடும். இவற்றைவிட நேரத்தை விழுங்குவது அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பதுதான். சில ஆயிரம் ரூபாவை மிச்சப்படுத்த இரண்டு தனித்தனி டிக்கட் வாங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது டிக்கட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. நானும் ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு, காலையில் சந்திக்க வேண்டிய உற்பத்தியாளரை மறுநாள்தான் சந்தித்தேன். மிச்சம் பிடித்த பணம் ஹோட்டலுக்கே சரியாகிவிட்டது.

அடுத்தது கடிகாரக் கணக்கு. டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சீனா முழுவதற்கும் ஒரே நேரம். அது நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே நிற்கிறது. இரவு 11 மணிக்குப் புறப்பட்டுக் காலை 7 மணிக்கு இறங்கினால் எட்டு மணித்தியாலம் போலத் தெரியும், பறந்தது ஐந்தரைதான். திரும்பும்போது பகல் 1 மணிக்கு ஏறி மாலை 4 மணிக்கு இறங்கினாலும் அதே ஐந்தரைதான். பழைய வியாபாரிகள் சிலர் இன்னும் இரண்டு மணித்தியால வித்தியாசம் என்றே சொல்வார்கள். 2006 ஏப்ரலில் இலங்கை நேரம் அரை மணித்தியாலம் பின்தள்ளப்படும் வரை அது சரியாகவே இருந்தது.

குளிர்காலத்தில் தென்சீனாவுக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும். போகும்போது அது விமானத்தைத் தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். ஆகவே திரும்பும் பயணம் சற்று நீண்டால் பதற வேண்டியதில்லை.

குவாங்சோவில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் தொடங்கும் கன்டன் சந்தை மூன்று கட்டங்களாக நடக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்தே நாள். பொருள் வகையும் கட்டத்துக்குக் கட்டம் மாறும். மலிவு டிக்கட்டால் ஒரு நாள் பிந்திப் போகிறவருக்குத் தன் பொருளைப் பார்க்க நான்கு நாள்தான் மிஞ்சும். முகவரிடம் விலையைக் கேட்கும்போதே, கட்டுநாயக்கவில் ஏறி குவாங்சோவில் இறங்கும் வரை மொத்தம் எத்தனை மணித்தியாலம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.