செம்ப்ரோங் ஏரியின் மீன் கணக்கு

மலேசியாவின் ஜொகூரில் ஆயர் ஹீத்தாமுக்கும் குளுவாங்குக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் கிடக்கிறது செம்ப்ரோங் ஏரி. வெள்ளத்தைத் தடுக்க 1984இல் கட்டிய அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் அது. இன்று குளுவாங், பத்து பஹாட் மக்களின் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். நீர்ப்பரப்பு 8.5 சதுர கிலோமீட்டர், அதாவது 850 ஹெக்டேர். கொள்ளளவு 1 கோடியே 80 இலட்சம் கன மீட்டர். நீர்ப்பிடிப்புப் பகுதி 130 சதுர கிலோமீட்டர்.

இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் ஏரியின் மீன் வளத்தைப் பற்றி நிறையவே சொல்லிவிடலாம். தூண்டில்காரர்களிடையே ஏரிப் பேச்சு வந்தால் ‘தோமான் இருக்கா, எவ்வளவு பெருசு’ என்பதோடு முடிந்துவிடுகிறது; தோமான் என்பது விரால் இனத்துப் பெரிய வேட்டை மீன். ஏரியால் ஆண்டுக்கு எத்தனை தோமானைத் தர முடியும், அதைப் பிடிக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடை தேடும் கணக்கு இது.

முதலில் அளவு. திரெங்கானுவின் கென்யிர் ஏரி 36,900 ஹெக்டேர். செம்ப்ரோங்கைப் போல் 43 மடங்கு. பேராக்கின் தெமெங்கோர் 15,200 ஹெக்டேர், 18 மடங்கு. இந்தியாவில் 1,000 ஹெக்டேருக்குக் குறைந்த நீர்த்தேக்கத்தைச் சிறியது என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த அளவுகோலில் செம்ப்ரோங் சிறிய ஏரி.

அடுத்து ஆழம். கொள்ளளவைப் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம் 2.1 மீட்டர் வருகிறது. உயரமானவர் நின்றாலும் தலை மூழ்கும், அவ்வளவுதான். இந்த ஆழமின்மைதான் ஏரியின் மற்ற எல்லா இயல்புகளையும் தீர்மானிக்கிறது. காற்று வீசினால் அடிச்சேறு கலங்கும். சேற்றில் படிந்த சத்து திரும்பத் திரும்ப நீருக்குள் ஏறும்.

சத்து எங்கிருந்து வருகிறது? 850 ஹெக்டேர் நீருக்கு 13,000 ஹெக்டேர் நிலம் வடிகிறது. ஒவ்வொரு ஹெக்டேர் நீரும் 15 ஹெக்டேர் நிலத்தின் கழுவலை வாங்கிக்கொள்கிறது. அந்த நிலத்தில் பெரும்பகுதி செம்பனை. ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரம் நடுவது வழக்கம். ஒவ்வொரு மரத்துக்கும் ஆண்டுதோறும் உரம் போகிறது. மரம் உறிஞ்சாத உரத்தில் ஒரு பங்கை மழை அடித்துக்கொண்டு வருகிறது. நீர்ப்பிடிப்பு முழுவதிலிருந்தும் 138 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் வடிந்தாலே ஏரி ஒரு தடவை நிரம்பும். ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டர், அதில் பாதி ஏரிக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஏரியின் நீர் ஆண்டுக்கு ஏழு தடவை மாறுகிறது. ஏறத்தாழ 50 நாளுக்கு ஒரு தடவை புது நீர், அதோடு புது உரம்.

அதனால்தான் செம்ப்ரோங் நீர் பச்சை. சத்து மிஞ்சிப்போன ஏரி இது. நீலப்பச்சைப் பாசி மண்டுகிறது. குடிநீர் சுத்திகரிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. மீனுக்கு இது தீனி, ஆனால் எல்லா மீனுக்கும் அல்ல.

இங்கே ஆக்ஸிஜன் கணக்கைப் பார்க்கவேண்டும். 30 பாகை வெப்பத்தில் நீர் தாங்கக்கூடிய கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். 2.1 மீட்டர் ஆழத்தில் ஒரு ஹெக்டேருக்கு 21,000 கன மீட்டர் நீர். ஆக, நீர் முழுமையாக நிறைவுற்றிருந்தாலும் ஹெக்டேருக்கு 160 கிலோவுக்கு மேல் ஆக்ஸிஜன் இருப்பு கிடையாது. பகலில் பாசி அதைக் கூட்டுகிறது. இரவில் அதே பாசியும் அடிச்சேற்று நுண்ணுயிர்களும் அதை உறிஞ்சுகின்றன. ஆழமான ஏரியில் இருப்பு அதிகம், இரவைத் தாக்குப்பிடிக்கலாம். இங்கே அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கு நீர் மூச்சுத் திணறுகிறது. ஓடும் நீரைக் கேட்கும் செபாராவ், கெலா போன்ற மீன்களுக்கு இந்த இரவுகள் ஒத்துவராது. தோமான், விரால் (இங்கே ஹாருவான்), பனையேறிக் கெண்டை, கெளுத்தி ஆகியவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கக் கூடியவை. திலாப்பியா குறைந்த ஆக்ஸிஜனைச் சகித்துக்கொள்ளும். யார் வாழ்வது, யார் வாழாதது என்பதை இந்த 160 கிலோதான் தீர்மானிக்கிறது.

இனி விளைச்சல். 1995இல் ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண் அமைப்புக்காக வி. வி. சுகுணன் இந்திய நீர்த்தேக்கங்களின் மீன் விளைச்சலைத் தொகுத்தார். ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சிறிய ஏரிகளில் 49.9 கிலோ, நடுத்தர ஏரிகளில் 12.3 கிலோ, பெரியவற்றில் 11.43 கிலோ என்று சராசரி வந்தது. சிறியது பெரியதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் தருகிறது. ஏரி சிறியதாக இருப்பது மீனுக்கு எவ்வளவு சாதகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குத் தெரியவில்லை. அதே தொகுப்பில் தமிழ்நாட்டின் ஆழியாறு வருகிறது. ஹெக்டேருக்கு 353 குஞ்சு விட்டு 194 கிலோ எடுத்திருக்கிறார்கள். திருமூர்த்தி அணையில் 435 குஞ்சுக்கு 182 கிலோ. இலங்கையின் பழங்கால வாவிகளில் 1952இல் திலாப்பியாவை விட்ட பிறகு விளைச்சல் ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கான கிலோவுக்கு ஏறியது.

செம்ப்ரோங்கில் யாரும் கெண்டைக் குஞ்சு விட்டு வலை போட்டுத் திட்டமிட்டு அறுவடை செய்வதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனவே ஆழியாற்று எண்ணை ஒதுக்கிவிட்டு, அடக்கமாக 50 கிலோவையே பிடித்துக்கொள்கிறேன். 850 ஹெக்டேருக்கு 42,500 கிலோ. ஏரியின் இருப்பைக் குலைக்காமல் ஆண்டுக்கு எடுக்கக்கூடிய மொத்த மீன் என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

இந்த 42,500 கிலோவில் எல்லா மீனும் சமம் அல்ல. ஒரு கிலோ வேட்டை மீன் வளர ஏறத்தாழ பத்து கிலோ இரை மீன் வேண்டும் என்பது சூழலியலின் பழைய அளவு. அந்தப் பத்தில் ஒன்றை வேட்டை மீனுக்குக் கொடுத்தால் 4,250 கிலோ. அதில் பாதி விராலுக்கும் மற்றவற்றுக்கும் போனால் தோமானுக்கு 2,125 கிலோ மிஞ்சும். ஒன்று சராசரி 2.5 கிலோ என்றால் ஆண்டுக்கு 850 தோமான். ஹெக்டேருக்கு ஒன்று!

வரவு அது. செலவுப் பக்கம், சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாளுக்கு 15 பேர் தோமானுக்கென்றே வருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 104 நாள், 1,560 ஆள்நாள். 850ஐ 1,560ஆல் வகுத்தால் ஓர் ஆள்நாளுக்கு 0.54 தோமான். பிடித்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோனால், ஒருவருக்கு இரண்டு நாளுக்கு ஒன்று. வருபவர் 30 பேரானால் நான்கு நாளுக்கு ஒன்று. வலைக்காரர் எடுக்கும் பங்கை இதில் கழிக்கவே இல்லை. முன்பெல்லாம் நிறைய இருந்தது, இப்போது தோமானே கடிப்பதில்லை என்ற புலம்பல் பல ஏரிக்கரைகளில் கேட்கிறது. இந்த வகுத்தலைப் பார்த்தால் அதில் வியப்பில்லை.

இப்போது அதே கணக்கில் ஒரே ஓர் எண்ணை மாற்றிப் பார்க்கலாம். பிடித்துத் திரும்ப விடும் மீன்களில் எத்தனை பிறகு செத்துப்போகின்றன என்பதை 2005இல் பார்த்தலோமியூ, போன்சாக் என்ற இரு ஆய்வாளர்கள் 274 மதிப்பீடுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். சராசரி 18 விழுக்காடு. நடு எண் 11 விழுக்காடு. கூடுதலான 18ஐயே எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 850 சாவை ஏரி தாங்கும் என்றால், 850ஐ 0.18ஆல் வகுக்க 4,722 பிடிப்புகள் வருகின்றன. 1,560 ஆள்நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு மூன்று. அதே ஏரி, அதே மீன், அதே ஆட்கள். இரண்டு நாளுக்கு ஒன்று என்பது நாளுக்கு மூன்றாகிறது. முள் பட்ட மீன் உஷாராகும் என்பதால் மூன்றும் கைக்கு வரும் என்று சொல்லமாட்டேன், அது மேல்வரம்பு. ஆனாலும் 0.54க்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது.

பெரிய தோமானைப் பொறுத்தவரை இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். மீனின் எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 60 சென்டிமீட்டர் தோமான் 30 சென்டிமீட்டர் தோமானைவிட எட்டு மடங்கு எடை. முட்டையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும். தோமான் தாயும் தந்தையும் குஞ்சுகளைக் கூடவே இருந்து காக்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுக்கூட்டம் மூச்செடுக்க மேலே வரும்போது நீர் கொப்பளிக்கும். அந்தக் கொப்பளிப்பைக் குறிவைத்துத் தவளைப் பொம்மையை வீசினால், காவல் காக்கும் பெற்றோர் ஆவேசமாகப் பாய்ந்து கடிக்கும். பசியால் கடிப்பதில்லை அது. அந்த நேரத்தில் பெற்றோரை எடுத்துவிட்டால் குஞ்சுக்கூட்டம் சில மணி நேரத்தில் சிறு மீன்களுக்கு இரையாகும். ஒரு மீனின் எடைக்கு ஒரு தலைமுறையையே விலையாகக் கொடுக்கிறோம். இந்த ஒரு வீச்சைத் தூண்டில்காரர்கள் தாங்களாகவே விட்டுவிடவேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். எந்த மீன்வளச் சட்டப் பிரிவும் ஏரிக்கரையில் நின்று அதைப் பார்க்கப் போவதில்லை.

திலாப்பியா வேறு கதை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்த மீன். சில மாதத்தில் பருவமடையும், வாய்க்குள் குஞ்சு காக்கும், ஆண்டுக்குப் பல ஈடு போடும். வேட்டை மீன் பங்கு போக 42,500இல் மிச்சம் 38,250 கிலோ. 1,560 ஆள்நாளும் தலைக்கு 5 கிலோ திலாப்பியா எடுத்தாலும் 7,800 கிலோதான். எடுக்கக்கூடியதில் ஐந்தில் ஒன்று. தூண்டிலால் இதைத் தீர்க்க முடியாது. எடுப்பது ஏரிக்கும் நல்லது. மீன் உடம்பில் அரை விழுக்காடு அளவில் பாஸ்பரஸ் இருக்கிறது. 38 டன் மீன் கரையேறினால் ஏறத்தாழ 190 கிலோ பாஸ்பரஸும் கரையேறுகிறது, பாசிக்குப் போகவேண்டிய தீனி அது. திலாப்பியா கிடைத்தால் தூண்டில்காரர்கள் வாளியை நிரப்பிக்கொண்டு போகட்டும், தோமானை மட்டும் விட்டுவிடட்டும்.

பணக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. குளுவாங்கிலிருந்து போய்வர 40 கிலோமீட்டர் என்று வைப்போம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார். 2025 செப்டம்பர் இறுதி முதல் குடிமக்களுக்கான ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். மற்ற விலைகள் நான் எடுத்துக்கொண்டவை. அவரவர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

திலாப்பியாவுக்கு: பெட்ரோல் 6.63, ரொட்டி, முள், ஈயம் 10.00, 200 ரிங்கிட் தூண்டில் 50 நாளுக்கு உழைத்தால் நாளுக்கு 4.00. மொத்தம் 20.63 ரிங்கிட், 5 கிலோ கிடைத்தால் கிலோ 4.13.

தோமானுக்கு: பெட்ரோல் 6.63, அடிமரத்தில் சிக்கி அறுந்துபோகும் ஒரு தவளைப் பொம்மை 25.00, 600 ரிங்கிட் தூண்டில் 50 நாளுக்கு உழைத்தால் நாளுக்கு 12.00. மொத்தம் 43.63 ரிங்கிட், 0.54 மீன், 1.35 கிலோ. கிலோ 32 ரிங்கிட்.

ஜொகூர் பாருவிலிருந்து 200 கிலோமீட்டர் போய்வருபவருக்குப் பெட்ரோலே 33 ரிங்கிட். தோமான் கிலோ 52 ரிங்கிட்டுக்குப் போகும், சுங்கக் கட்டணம் தனி. கறிக்காக யாரும் இந்த விலை கொடுக்கமாட்டார்கள். தோமானுக்குப் போவது அந்த இழுப்புக்காக. அப்படியென்றால் செத்த தோமான் ஒரு தடவை இழுக்கும்; 18 விழுக்காட்டுக் கணக்கில் உயிரோடு விட்ட தோமான் சராசரி ஐந்தரை தடவை இழுக்கும்.

போகிறவர்களுக்குச் சில கைக்குறிப்புகள். மழைக்குப் பிறகு ஓடை சேரும் வாய்களில் லம்பாம் மீனுக்குப் பழுத்த செம்பனைப் பழத்தை முள்ளில் கோத்துப் பாருங்கள். தோட்டத்துக்காரர்களுக்குப் பழகிய தீனி. தோமானுக்கு விடியலும் அந்தியும், நீரில் நிற்கும் மரக்கட்டைகளின் ஓரம். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது, மீனுக்கும் காயம் குறைவு. நனைந்த கையால் பிடித்து, நீரிலேயே விடுங்கள். குடிநீர் ஏரி என்பதால் எங்கே அனுமதி, எங்கே தடை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. வீட்டில் வளர்த்த அன்னிய மீனை இதில் கொட்டவே கூடாது. 2023 மார்ச்சில் ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோரை இடம்பெயர வைத்த வெள்ளம் போல ஒன்று வந்தால், குளத்திலும் பண்ணையிலும் இருக்கும் மீன் தானாகவே ஆற்றுக்கு வந்துவிடும். நாமும் சேர்த்துக் கொட்டவேண்டாம்.

மேலே சொன்ன 850 தோமான் என்பது நிலமும் நீரும் தந்த ஊகம். அதைச் சரிபார்க்க வலையோ படகோ தேவையில்லை, தூண்டில்காரர்களே போதும். 100 தோமானைப் பிடித்து, துடுப்பின் நுனியைச் சிறிது கத்தரித்து, நீளத்தைக் குறித்துக்கொண்டு விடுங்கள். சில வாரம் கழித்து 60 தோமான் பிடியுங்கள். அதில் நுனி கத்தரித்தவை எத்தனை? ஆறு என்றால் 100ஐ 60ஆல் பெருக்கி 6ஆல் வகுக்க, ஏரியில் பிடிபடும் அளவில் உள்ள தோமான் 1,000. பன்னிரண்டு என்றால் 500தான். 500 மீன் உள்ள ஏரியில் ஆண்டுக்கு 850 எடுக்க வழியே இல்லை. ஐந்தில் ஒன்று என்று எடுத்தாலும் 100. அப்போது 1,560 ஆள்நாளுக்குப் பங்கு, ஏறத்தாழ பதினாறு நாளுக்கு ஒரு தோமான்.