எடை கூடியும் கை வலிக்காத துப்பாக்கி!

தண்ணீர் நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்தால் தெருக்கோடி வரை நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தபடி பத்தடி நடக்க முடியுமா? எடை மாறவில்லை, உடம்புக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் மாறியது.

சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் 18 வயதுப் பிள்ளைகள் (நம் தமிழ்ப் பிள்ளைகளும்தான்) கையில் வாங்கும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் சூட்சுமமும் இதுவே. அங்கே முன்பு இருந்த எம்16 சுமார் ஒரு மீட்டர் நீளம். இதுவோ 80 சென்டிமீட்டர்தான். ஆனால், குழலின் நீளம் இரண்டிலும் ஒன்றே. சுமார் 51 செ.மீ. குழலை வெட்டினால் தோட்டாவின் வேகம் குறைந்துவிடும். அதனால் தோட்டா வெடிக்கும் அறையையும் மேகசினையும் டிரிக்கருக்குப் பின்னால், தோளில் பதியும் கட்டைக்குள் தள்ளிவிட்டார்கள். இந்த அமைப்புக்குத்தான் 'புல்பப்' என்று பெயர்.

எஸ்ஏஆர் 21 காலியாகவே 3.8 கிலோ. பழைய எம்16 மூன்று கிலோகூட இல்லை. ஆனாலும் கனம் தோள் பக்கம் இருப்பதால், குறிபார்த்தபடி நிற்கும்போது முன்கை சீக்கிரம் சோர்வதில்லை. கவச வண்டிக்குள் ஏறி இறங்கும்போது இடிப்பதும் இல்லை.

இந்தச் சௌகரியத்துக்கு விலையும் உண்டு. மேகசின் மாற்றக் கையை அக்குள் பக்கம் கொண்டுபோக வேண்டும். பதற்றத்தில் அது லேசான வேலை அல்ல. டிரிக்கரிலிருந்து பின்பக்கம் வரை நீண்ட கம்பி இணைப்பு ஓடுவதால், அழுத்தும்போது விரலுக்குத் துல்லியம் குறைவாகத் தெரியும். வெடிக்கும் அறை கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, பயமில்லையா? அதற்காகவே எஸ்ஏஆர் 21-ல் கன்னம் படும் இடத்தில் கெவ்லர் தகடு பதித்திருக்கிறார்கள். பெற்ற வயிற்றுக்குக் கொஞ்சம் ஆறுதல்!

புல்பப்பை நெடுங்காலம் வைத்திருந்த பிரான்ஸ், 2017 முதல் வழக்கமான வடிவத்துக்கே மாறத் தொடங்கியது. 2019-ல் சீனாவும் அப்படியொரு புதிய துப்பாக்கியை அணிவகுப்பில் காட்டியது.

இதில் பாவம், இடதுகைக்காரர்கள்தான். பிரிட்டனின் எல்85 துப்பாக்கியில் சுட்ட தோட்டாவின் சூடான கூடு வலப்பக்கம் தெறிக்கும். அதே பக்கத்துக் கைப்பிடியும் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் பாயும். இடது தோளில் வைத்தால் இரண்டும் முகத்தைப் பதம் பார்க்கும். அதனால் அங்கே இடதுகைப் பழக்கமுள்ள சிப்பாயும் வலது தோளில் வைத்துச் சுடவே பயிற்சி பெறுகிறார்.