கண்ணாடிக்கு வெளியே ஒரு கம்பித் துணி

பழைய புத்தகத்துக்கு வெயில் ஆகாது. தாள் மஞ்சளடிக்கும், ஓரம் பொடியும், அட்டை வெளுத்துப்போகும். வீட்டு அலமாரியை ஜன்னலோரம் போட்டவர்கள்கூட இதை அறிவார்கள். ஆனாலும் பிரான்சின் தேசிய நூலகத்தை வடிவமைத்த டொமினிக் பெரோ, புத்தகங்களைக் கண்ணாடிக் கோபுரங்களில் ஏற்றிவிட்டு வாசகர்களைக் கீழே தோட்டத்தைச் சுற்றி உட்காரவைத்தார். 1989-ல் அந்தப் போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 36. பாரிஸில் செய்ன் நதிக்கரையில், விரித்து நிறுத்திய புத்தக வடிவில் நான்கு கோபுரங்கள், ஒவ்வொன்றும் 79 மீட்டர் உயரம். திட்டம் வெளியானதுமே எதிர்ப்பு கிளம்பியது. 1995-ல் திறப்புவிழா நடந்தபோது கண்ணாடிக்கு உட்புறம் வரிசை வரிசையாக மரக் கதவுகள் நின்றன. இன்றைக்கும் அந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் மரத்தின் நிறம்தான் தெரிகிறது.

மரக் கதவு வெளிச்சத்தைத் தடுக்கும், புத்தகம் பிழைக்கும். ஆனால் அதற்குள் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அதை வெளியேற்றுவது குளிர்சாதனத்தின் தலையில் விழுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே நூலகத்துக்குள் பெரோ இன்னொரு பொருளையும் கொண்டுவந்தார்: ஸ்டீல் கம்பியால் நெய்த துணி. சுவரிலும் கூரையின் அடியிலும் அலங்காரத் திரையாக அது தொங்கியது. உள்ளே தொங்கிய அந்தத் துணி பின்னாளில் கட்டடங்களின் வெளிப்புறத்துக்கு வந்து வெயிலை மறிக்கத் தொடங்கியது. கட்டடக் கலைஞர்கள் இன்று ‘மெட்டல் மெஷ்’ என்று சொல்லும் இந்தப் பொருளின் கதை அங்கிருந்துதான் சூடுபிடிக்கிறது.

வெயிலை ஏன் வெளியிலேயே நிறுத்த வேண்டும்? சென்னையில் மேற்கு பார்த்த ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நூறு சதுர அடிக்குக் கண்ணாடி, சாயங்காலம் நாலு மணி. அந்த நேரத்தில் மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 வாட் வெயில் விழுவதாகக் கொண்டால், மொத்தக் கண்ணாடியில் சுமார் 5,600 வாட். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். கிட்டத்தட்ட 4,500 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட்தான். ஆக, அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் ஒரு டன்னுக்கு மேல் ஏசி ஓட வேண்டும். அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் கணக்கு அதற்கப்புறம்தான்.

உள்ளே கனத்த திரை போட்டால் கண் கூசாது. ஆனால் திரை சூடாகும். சூடான திரை விடும் வெப்பக் கதிரைக் கண்ணாடி வெளியே விடாது. வெயிலை உள்ளே விடும் அதே கண்ணாடி வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெளியே ஒரு மறைப்பு இருந்தால் சூடாவது மறைப்பு மட்டும்தான். அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். வாசலில் மூங்கில் தட்டியையும் வெட்டிவேர்த் தட்டியையும் தொங்கவிட்ட நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு சமன்பாடு இல்லாமலே தெரிந்திருந்தது. ஜெய்ப்பூரில் 1799-ல் எழுந்த ஹவா மஹாலின் 953 ஜன்னல்களில் இருக்கும், ‘ஜாலி’ எனப்படும் சல்லடைக் கல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதே ஊரின் பேர்ல் அகாடமி கட்டடத்தில் மார்ஃபோஜெனிசிஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் சுவரிலிருந்து நான்கு அடி தள்ளி ஒரு ஜாலித் தோலைப் போர்த்தியிருக்கிறது.

கல் ஜாலிக்கு ஒரு சிக்கல், எடை. இருபது மாடிக்கு அதைத் தூக்கித் தொங்கவிட முடியாது. கம்பித் துணியில் பல வகைகள் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவைத் தொடுவதில்லை.

ஜெர்மனியின் மேற்கில் இருக்கும் ட்யூரன் ஊர் காகித ஆலைகளுக்குப் பேர்போனது. காகிதக் கூழை ஊற்றித் தண்ணீரை வடிக்க மெல்லிய உலோகச் சல்லடை வேண்டும். அதை ஓட்டை சீராக வரும்படி தறியில்தான் நெய்ய வேண்டும். அந்த ஊரில் 1925-ல் தொடங்கிய ஜி.கே.டி. என்ற குடும்ப நிறுவனம் தொழிற்சாலைகளுக்கு வடிகட்டித் துணி நெய்துவந்தது. பெரோவின் நூலகத்துக்குக் கம்பித் துணி போனது இங்கிருந்துதான். வடிகட்டி நெய்த தறிகள் கட்டடத்துக்கும் நெய்ய ஆரம்பித்தன.

காஞ்சிபுரத்துக்காரருக்கு அந்தத் தறிக்கூடத்தைச் சுற்றிக்காட்ட ஆளே தேவைப்படாது. அங்கேயும் பாவு உண்டு, ஊடை உண்டு. பட்டு நூலுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. கட்டடத்துக்கான ரகங்களில் பலவற்றுக்குப் பாவாக ஓடுவது முறுக்கிய மெல்லிய ஸ்டீல் கயிறு, ஊடையாக நுழைவது விறைப்பான உருண்டைக் கம்பி. கயிறு வளையும், கம்பி வளையாது. அதனால் துணியை ஒரு பக்கமாகப் பாய் மாதிரி சுருட்டி லாரியில் ஏற்றலாம். மறு பக்கமாக மடிக்க முடியாது. எட்டு மீட்டர் அகலம் வரை நெய்யும் தறிகள் இருக்கின்றன. நீளத்துக்கு எல்லை பெரும்பாலும் கட்டடத்தின் உயரம்தான்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னொரு நுட்பம் தெரியும். ஊடைக் கம்பிகள் படுக்கைவாட்டில், ஒன்றின்மேல் ஒன்றாகச் சிறு இடைவெளியில் நிற்கின்றன. நேராக நின்று பார்த்தால் துணியில் பாதி ஓட்டை. கீழேயிருந்தோ மேலேயிருந்தோ சாய்த்துப் பார்த்தால் கம்பியின் பருமன் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. உச்சி வெயில் வருவதும் அந்தச் சாய்வில்தான். ஆகவே வெயில் உயர உயர அதிகமாகத் தடுக்கிறது. உள்ளே உட்கார்ந்து நேரே தெருவைப் பார்ப்பவருக்கு மட்டும் வழிவிடுகிறது. பகலில் வெளியே நிற்பவருக்குப் பளபளக்கும் உலோகச் சுவர்தான் தெரியும், உள்ளே இருப்பவருக்கு ஊர் தெரியும். ராத்திரி விளக்கு போட்டதும் எல்லாம் தலைகீழ். இதை மறந்துவிட்டு உடைமாற்றும் அறைக்குக் கம்பித் துணியை நம்புபவர் கதை கஷ்டம்.

தொங்கவிடுவதில்தான் பொறியாளரின் வேலை இருக்கிறது. துணியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கொக்கி போல்ட்டுகளில் மாட்டி, கீழே ஸ்பிரிங் வைத்து இழுத்துக் கட்டுகிறார்கள். காற்றில் உப்பாமல் இருக்க மாடிக்கு மாடி பிடிமானம் உண்டு. துணி இலேசுதான், ஆனால் இழுவிசை இலேசு இல்லை. அதைத் தாங்கும்படி மேல்தள பீமை முதலிலேயே கணக்குப்போட வேண்டும். கட்டி முடித்த கட்டடத்தில் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இடறுவது இங்கேதான். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் இடைவெளி விடுவது நல்லது. அதில் சூடான காற்று மேலேறி வெளியேறும், கண்ணாடியைத் துடைக்க வருபவருக்கும் வழி கிடைக்கும்.

பெரோ பாரிஸோடு நிற்கவில்லை. 1997-ல் பெர்லினில் திறந்த சைக்கிள் பந்தய அரங்கத்தைத் தரைக்குள் இறக்கி, 142 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூரை முழுவதையும் கம்பித் துணியால் போர்த்தினார். சுற்றிலும் ஆப்பிள் மரங்கள், நடுவே குளம் மின்னுவதுபோல் ஒரு கூரை. 2008-ல் லக்ஸம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் விரிவாக்கத்துக்குப் பொன்னிறம் ஏற்றிய உலோக வலை. அடுத்த ஆண்டு மாட்ரிட்டில் வந்த டென்னிஸ் அரங்கம் ‘காஹா மாஹிகா’, அதாவது மாயப் பெட்டி. ஸ்பெயினின் வெயில் நம் ஊர் வெயிலுக்கு அண்ணன் இல்லையென்றாலும் தம்பி முறையாவது ஆகும். மூன்று ஆடுகளங்களுக்கும் திறந்து மூடும் கூரை, அவற்றைச் சுற்றிக் கம்பித் துணிப் போர்வை. வெயில் வடிகட்டப்படுகிறது, காற்று நின்றுவிடவில்லை. 2009 முதல் மாட்ரிட் ஓப்பன் அங்கேதான் நடக்கிறது.

இதற்கு நேர் எதிரான முயற்சியும் பாரிஸிலேயே இருக்கிறது. 1987-ல் ழான் நூவெல் கட்டிய அரபு உலக நிறுவனத்தின் தெற்கு முகப்பில் 240 சதுரப் பலகைகள். ஒவ்வொன்றிலும் கேமராவில் இருப்பது மாதிரியான திறப்பு மூடிகள். வெளிச்சத்தை உணர்ந்து தாமாகவே சுருங்கும், விரியும். உலகமே வாய்பிளந்து பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாக அவை நின்றுபோயின. பல ஆண்டுகள் கழித்துதான் பழுதுபார்த்தார்கள். அழகில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் மோட்டார் உள்ள எதுவும் ஒருநாள் நிற்கும். கம்பித் துணியில் நகரும் பாகம் எதுவும் இல்லை.

பளபளக்கும் உலோகம் எதிர் வீட்டுக்காரர் கண்ணைக் கூசவைக்காதா என்ற கேள்வி நியாயமானது. 2013-ல் லண்டனில் ‘வாக்கி டாக்கி’ என்று செல்லப்பெயர் பெற்ற கண்ணாடிக் கட்டடத்தின் குழிந்த முகப்பு வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. அவசரத்துக்குத் தெருவோரம் சாரம் கட்டி வலைத்திரை தொங்கவிட்டார்கள். மறு ஆண்டு முகப்பில் நிரந்தரமாக அலுமினியத் தகடுகள் ஏறின. தட்டையான பரப்பு வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்பிவிடும், குழிந்த பரப்பு குவிக்கும். உருண்டைக் கம்பி அதை நாலா பக்கமும் சிதறடித்துவிடும். இந்த விஷயத்தில் நெய்த துணி பாதுகாப்பானது.

தீயிலும் அப்படித்தான். 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்ததற்கு முகப்பில் ஒட்டிய, நடுவே பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகைகள் பெருங்காரணம். நம் ஊர்க் கடைத்தெருக்களில் அதே வகைப் பலகையான ‘ஏ.சி.பி. ஷீட்’ ஒட்டாத ஷோரூம் அபூர்வம். ஸ்டீல் கம்பித் துணி எரியாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் குறை விலை. அதனால்தான் பலர் வேறு வகைகளுக்குப் போகிறார்கள். தகட்டில் கீறலிட்டு இழுத்து வலையாக்கும் முறை மலிவு, உலோகமும் வீணாகாது. நியூயார்க்கின் நியூ மியூசியம் 2007-ல் அப்படிப்பட்ட அலுமினிய வலையைத்தான் போர்த்திக்கொண்டது. ஓட்டை குத்திய தகடு இன்னொரு வழி. நிழல் தருவதில் இவையும் மோசமில்லை. துணியின் நெளிவும் சுருட்டி எடுத்துப்போகும் வசதியும் மட்டும் வராது.

இரண்டாவது, கடல். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் 304 ரக ஸ்டீலை மாட்டினால் உப்புக்காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்புத் திட்டுகள் வரும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பை நன்றாகத் தாங்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் வாய்ச்சொல் போதாது, ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்டீல் துணியை அலுமினியச் சட்டத்தில் நேரடியாக முடுக்கினால் ஈரம் படும் இடத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். நடுவே ஒரு நைலான் வாஷர் போட்டால் தீர்ந்தது. மூன்றாவது, புறா. கட்டடக் கலைஞர் காட்டும் கணினிப் படத்தில் ஒரு புறாகூட இருக்காது. துணிக்கும் கண்ணாடிக்கும் இடையிலான இடைவெளியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அடைக்காவிட்டால் ஆறு மாதத்தில் அங்கே புறாக் காலனிதான்.

நம் சட்டமும் வெயிலைக் கணக்கில் எடுத்திருக்கிறது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான 2017-ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகள், குளிர்ப் பிரதேசம் தவிர்த்த இடங்களில், வடக்கு அல்லாத திசைகளின் கண்ணாடி வெயில் வெப்பத்தில் 27 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்கின்றன. சன்ஷேடு, செங்குத்துத் தகடு போன்ற வெளி நிழலுக்குக் கணக்கில் சலுகை உண்டு. ஆனால் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் சென்னைக்கு வடக்கும் முழு அடைக்கலம் இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது.

எல்லாத் திசைக்கும் கம்பித் துணி தேவையில்லை. தெற்கு வெயில் உயரத்திலிருந்து விழுவது; அதற்கு இரண்டடி சன்ஷேடே போதும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும். உயரமான அலுவலகக் கட்டடங்களில் அந்த இரண்டு முகங்களுக்கும் கம்பித் துணி போடும் செலவு தகும். இரண்டு மாடி வீட்டுக்கு அது ஆடம்பரம். அங்கே ஜன்னலுக்கு வெளியே தொங்கும் ஒரு மூங்கில் தட்டியோ, நர்சரிக் கடையில் 50, 75, 90 சதவீதம் என்று கேட்டு வாங்கும் பச்சை ஷேட் நெட்டோ அதே வேலையைச் செய்யும். சில ஆண்டுகளில் கிழியும், மாற்றிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் சரி, அதைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மாட்டுங்கள்.